பெரிய சக்கரம் நிற்காது என்பவர்களுக்கு

ஒற்றைச் சக்கர சைக்கிள் என்றதும் நம்மிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது: அது சர்க்கஸ் சாமான். கூடாரத்துக்குள் ஒருவர் சின்னச் சக்கரத்தில் ஏறி, நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு பந்துகளை எறிந்து பிடிப்பார், நாம் கைதட்டுவோம், அதோடு சரி. இந்தத் தீர்ப்போடு சண்டை போடுவது எளிது. எனக்கு வழக்கு இன்னொரு கூட்டத்தாரோடு. 36 அங்குலச் சக்கரம் வைத்த வண்டி வேடிக்கைப் பொருள் அன்று, நெடுந்தூரம் போகிற வாகனம் என்பதை அறிந்தவர்கள் இவர்கள். 2007-ல் வேல்ஸில் சாம் வேக்லிங் 24 மணி நேரத்தில் 453.6 கிலோமீட்டர் ஓட்டியதும், 2015-ல் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய எட் ப்ராட் 2018-ல் உலகைச் சுற்றித் திரும்பியதும் இவர்களுக்குத் தெரியும். தெரிந்தும், பெரிய சக்கரத்தில் ஐடிலிங் பழகுவதைப் பற்றிப் பேச்செடுத்தால் மூன்று பதில்கள் சேர்ந்து வருகின்றன. ஒன்று, தேவையில்லை: பெரிய சக்கரம் ஓடுவதற்குத்தான், நிற்பதற்கு அல்ல. இரண்டு, முடியாது: அவ்வளவு பெரிய சக்கரத்தைக் காலால் மடக்கித் திருப்ப யானை பலம் வேண்டும். மூன்று, இப்போது வேண்டாம்: முதலில் 20 அங்குலத்தில் கற்றுவிட்டு வா. தேவையில்லாத ஒன்றுக்கு ஏன் வரிசையில் நிற்கச் சொல்கிறார்கள், முடியாத ஒன்றுக்கு ஏன் முன்பாடம் வைக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இந்த மூன்று பதில்களையும் ஜவ்வாது மலைச் சாலையில் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பது என் நோக்கம். அந்தச் சாலையில் இப்படியொரு வண்டி வழக்கமாக ஓடுகிறது என்பதால் அல்ல. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறுகிற பாதையைப் போன்ற ஒன்றில்தான் இந்தப் பதில்களின் பெறுமதி தெரியும் என்பதால்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். லாரி ஷெட்டில் ஐடிலிங் என்ற சொல்லைச் சரியாகத்தான் புழங்குகிறார்கள். வண்டி நகரவில்லை, இன்ஜின் ஓடுகிறது. ஐடிலிங் சரியில்லை என்றால் சிக்னலில் வண்டி ஆஃப் ஆகிவிடும். அங்கே அதற்குச் சோம்பல் என்ற பொருள் இல்லை, அடுத்த நொடி கிளம்புவதற்கான ஆயத்தம் என்றுதான் பொருள். ஒற்றைச் சக்கரத்திலும் அதேதான். இந்த வண்டிக்கு ஃப்ரீவீல் கிடையாது. பெடல் கிராங்க் நேராகச் சக்கரத்தின் அச்சிலேயே பூட்டியிருக்கும். பெடல் நின்றால் சக்கரம் நிற்கும், பெடல் பின்னால் போனால் சக்கரமும் பின்னால் போகும். ஐடிலிங்கில் ஒரு கால் கீழே, ஒரு கால் மேலே. கீழ்க்கால் தூளி ஆட்டுவதுபோல முன்னும் பின்னும் போய்வர, மேல்கால் பெரிதாக வேலை செய்யாமல் துணைக்கு இருக்கும். உடம்பின் பாரம் சீட்டில். இடுப்புக்கு மேலே உள்ள உடம்பு ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்க, அதற்கு அடியில் சக்கரம் மட்டும் முன்னே போய்ப் பின்னே வருகிறது. பார்ப்பவருக்கு அவர் நிற்கிறார். சக்கரத்துக்கு ஒரு நொடி ஓய்வில்லை.

இந்த இடத்தில் எனக்கு ஆதரவாகப் பேச வருகிற ஒரு தரப்பையும் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. நின்ற இடத்தில் நிற்பது என்றதும் தியானம், மன ஒருமை, சும்மா இருக்கும் சுகம் என்று கிளம்பிவிடுகிறவர்கள். இவர்களும் எதிர்த்தரப்பின் அதே பிழையைத்தான் செய்கிறார்கள்: ஐடிலிங்கை அசைவின்மை என்று நினைக்கிறார்கள். அவர்கள் அதை இகழ்கிறார்கள், இவர்கள் அதைப் போற்றுகிறார்கள். ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலையில் ஏறினால் வருகிற காவலூர் வானாய்வகத்தைப் பார்த்தால் இரு தரப்புக்கும் பதில் கிடைக்கும். 1986-ல் திறக்கப்பட்டு வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இரவெல்லாம் ஒரு விண்மீனையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அது பூமியின் சுழற்சிக்கு எதிராக, 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில், துருவ அச்சில் திரும்பிக்கொண்டே இருக்கிறது. திருப்பும் மோட்டாரை நிறுத்தினால் விண்மீன் நொடிக்கு 15 விகலை வீதம் வழுக்கிப் போய்விடும். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைப்பதற்கு முன்பாக அதன் ஒளி சில நொடிகள் மங்கியது காவலூரின் 102 செ.மீ. தொலைநோக்கியில் பதிவானது; யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பதற்கான சான்றுகளில் அதுவும் ஒன்று. அந்தச் சில நொடிகளைப் பிடித்தது ஓயாத திருத்தம். ஐடிலிங் செய்பவரின் கீழ்க்கால் செய்வதும் அதைத்தான், மோட்டார் இல்லாமல்.

இனி, சர்க்கஸ் வித்தை என்ற பழி. ஆச்சரியம் என்னவென்றால், பெரிய சக்கரத்துக்கும் சர்க்கஸுக்கும் தொடர்பே இல்லை. 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி குதிரை வித்தைக்காக வகுத்த வட்டம் 42 அடி, அதாவது 13 மீட்டர் குறுக்களவு. உலகெங்கும் சர்க்கஸ் வட்டத்துக்கு அதுவே அளவாக நிலைத்தது. 1880-ல் மும்பையில் விஷ்ணுபந்த் சத்ரே தொடங்கிய இந்திய சர்க்கஸும், 1901-ல் தலச்சேரி சிறக்கரையில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் பயிற்சிப் பள்ளி வைத்து வளர்த்த கேரள மரபும் அந்த வட்டக் கலாசாரத்தின் கிளைகள்தாம். அந்த வட்டத்தைச் சுற்றிவர ஏறத்தாழ 41 மீட்டர். 36 அங்குலச் சக்கரம் ஒரு முறை உருண்டால் 2.87 மீட்டர் போகும். 14 முறை மிதித்தால் கூடாரம் முடிந்துவிடும். அந்த இடத்துக்குள் பெரிய சக்கரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆகவே அவர்கள் சின்னச் சக்கரத்தை எடுத்தார்கள், நீண்டு ஓட முடியாத இடத்தில் நின்றாடக் கற்றார்கள், ஓட்டத்தின் குறையை உயரத்தால் ஈடுகட்டினார்கள். ஐடிலிங் வித்தையாக நமக்கு அறிமுகமானதற்குக் காரணம் கூடாரத்தின் குறுக்களவு. அதை வைத்து அந்தத் திறமையின் இயல்பைத் தீர்மானிப்பது, கல்யாண வீட்டில் மட்டும் நாதஸ்வரம் கேட்டவர் அது தாலி கட்டுவதற்கான கருவி என்று சொல்வதைப் போன்றது.

ஓடினால்தான் விழாமல் இருக்கலாம் என்ற எண்ணம் இதைவிட ஆழமாக வேரோடியது. வாழ்க்கையைச் சைக்கிளோடு ஒப்பிட்டு, விழாமலிருக்க நகர்ந்துகொண்டே இரு என்ற பொருள்பட ஐன்ஸ்டைன் 1930-ல் தன் மகனுக்கு எழுதிய கடிதம் இன்று தன்னம்பிக்கைப் பேச்சாளர் எல்லோருடைய சட்டைப் பையிலும் இருக்கிறது. மகனைத் தேற்றும் அப்பாவின் சொல் அது. அதை இயற்பியல் விதியாக்கிவிட்டோம். வேகமாகச் சுழலும் சக்கரம் பம்பரம் போல நிற்கும், அதனால்தான் சைக்கிள் நிற்கிறது என்று பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறோம். பிரிட்டனின் டேவிட் ஜோன்ஸ், தரையில் படாமல் எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பூட்டிப் பம்பர விளைவை அடித்துப் போட்டு, அப்படியும் சைக்கிளை ஓட்ட முடிகிறது என்று 1970-லேயே எழுதிவிட்டார். 2011-ல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழகத்தார் உள்ளிட்ட ஆய்வுக் குழு பம்பர விளைவே இல்லாமல் தானாக நிலைகொள்ளும் வண்டி ஒன்றைச் செய்து காட்டியது. நிலைகொள்வதற்கு அடிப்படை எளியது: சாய்கிற பக்கத்துக்குச் சக்கரத்தைக் கொண்டுபோய் உடம்புக்கு அடியில் வைப்பது. அதற்குச் சக்கரம் நகர வேண்டும், உண்மை. ஆனால் நகர்தல் வேறு, முன்னேறுதல் வேறு. முன்னே அரை மீட்டர் போய்ப் பின்னே அரை மீட்டர் வந்தாலும் நகர்தல்தான். அந்த ஒவ்வொரு வீச்சிலும் இடுப்பைக் கொஞ்சம் திருகிச் சக்கரத்தின் முகத்தை மாற்றலாம், பக்கவாட்டுச் சாய்வைத் திருத்தலாம். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் ஸ்பிரின்ட் பந்தயத்தில் இத்தாலியின் பெத்தெனெல்லாவும் பிரான்ஸின் த்ரென்தானும் யார் முதலில் கிளம்புவது என்ற தந்திரத்தில் 21 நிமிடம் 57 நொடி தடத்திலேயே நின்றார்கள். அவர்களுடைய தட சைக்கிளிலும் ஃப்ரீவீல் கிடையாது. வேகத்துக்கென்றே பிறந்த வண்டியில் வேகத்துக்கென்றே வாழ்ந்தவர்கள் நிற்பதை ஆயுதமாக வைத்திருந்தார்கள்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். பொங்கல் விளையாட்டில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் நடக்காத ஊர் எது? காலை ஊன்றாமல், கோட்டைத் தாண்டாமல், கடைசியாக வந்து சேர்கிறவருக்கு எவர்சில்வர் குடம். ஊர்ப் பொட்டலில் நாள் கணக்கில் சைக்கிளை விட்டு இறங்காமல் சுற்றிய சாகசக்காரர்கள், அதன் மேலேயே குளித்துச் சாப்பிட்டவர்கள், அதில் பாதி நேரம் செய்தது வேக ஓட்டமா? கயிற்றின் நடுவில் கழைக்கூத்தாடி நின்று கழியை மெல்ல ஆட்டும்போதுதான் கூட்டம் மூச்சைப் பிடிக்கிறது. மெதுவாகப் போவது வேகமாகப் போவதைவிடக் கடினம் என்பது நம் ஊர்ப் பையன் ஒவ்வொருவனுக்கும் தெரிந்த விஷயம். படித்துத்தான் அதை மறக்கிறோம்.

இப்போது முடியாது என்ற வாதத்துக்கு வருகிறேன். மூன்றில் மதிக்கத்தக்கது இது ஒன்றுதான், ஏனென்றால் இதில் கணக்கு இருக்கிறது. 20 அங்குலச் சக்கரத்தின் ஆரம் 254 மில்லிமீட்டர். அதில் 125 மி.மீ. கிராங்க் பூட்டினால் ஆரம் கிராங்கைப் போல இரண்டு மடங்கு. 36 அங்குலத்தின் ஆரம் 457. அதில் 150 மி.மீ. கிராங்க் பூட்டினாலும் மூன்று மடங்கு, நெடுந்தூரக்காரர்கள் விரும்பும் 114 மி.மீ. கிராங்கில் நான்கு மடங்கு. அதாவது தரையில் அதே தள்ளலைப் பெறப் பெரிய சக்கரத்தில் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை அதிகமாக மிதிக்க வேண்டும். ரிம்மும் டயரும் கனம் கூடியவை; ஓடும்போது நமக்கு உதவிய அந்தக் கனம் திருப்பும்போது நம்மோடு மல்லுக்கு நிற்கும். இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன். உயரம் கூடினால் விழ நேரமாகும், துடைப்பத்தைக் கையில் நிறுத்துவது பென்சிலை நிறுத்துவதைவிட எளிது என்று பெரிய சக்கரத்துக்காக வாதாடுகிறவர்கள் உண்டு; அந்த வாதத்தை நான் எடுக்க மாட்டேன். அச்சு 20 செ.மீ. உயர்ந்தால் ஆளும் 20 செ.மீ. உயர்கிறார், அவ்வளவுதான், விழும் நேரத்தில் கிடைக்கிற லாபம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஆனால் ஒன்றரை மடங்கு மிதி என்பது முடியாமைக்குக் காரணம் ஆகாது. ஏற்றத்தில் அதைவிட அதிகமாக மிதிக்கிறார்கள். முடியாமல் போவதற்குக் காரணம் வேறு: சின்னச் சக்கரத்தின் தாளத்தைப் பெரிய சக்கரத்தில் அடிப்பது. தையல் மிஷினை மிதித்தவருக்கு இது உடனே புரியும். மிஷின் சக்கரத்தைச் சுழற்றும் தண்டு உச்சியிலோ அடியிலோ நிற்கும்போது எவ்வளவு அழுத்தினாலும் மிஷின் அசையாது. கையால் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பிவிட்டால்தான் கால் வேலை செய்யும். ஒற்றைச் சக்கரத்திலும் கிராங்குகள் நெட்டுக்குத்தாக நிற்கும்போது அழுத்தம் வீண். படுகிடையை நோக்கிச் சாயச் சாயத்தான் நெம்புகோல் நீளம் கிடைக்கும். 20 அங்குலத்தில் சக்கரம் 40 செ.மீ. போய்வந்தால் கிராங்க் 90 பாகை வீசும், பக்கத்துக்கு 45. திரும்பும் முனையில் கிராங்க் நீளத்தில் நூற்றுக்கு 71 பங்கு நெம்புகோலாகக் கையில் இருக்கும், அல்லது காலில். 36 அங்குலத்தில் அதே 40 செ.மீ. போய்வந்தால் வீச்சு 50 பாகைதான், பக்கத்துக்கு 25; நெம்புகோல் நூற்றுக்கு 42 பங்காகச் சுருங்கிவிடும். ஏற்கெனவே குறைந்த பிடிமானத்தில் இது இன்னொரு வெட்டு. அப்போது ஆள் என்ன செய்கிறார்? வலிமை போதவில்லை என்று நினைத்து இன்னும் வேகமாக, இன்னும் குறுகலாக ஆட்டுகிறார். சக்கரம் அடங்க மறுக்கிறது. இறங்கிவந்து, இது மனுஷன் செய்கிற வேலை இல்லை என்கிறார்.

செய்ய வேண்டியது நேர் எதிர். காலின் வீச்சுக் கோணத்தைச் சின்னச் சக்கரத்தில் இருந்தது போலவே வைத்துக்கொண்டு, சக்கரத்தைத் தரையில் அதிக தூரம் போகவிட வேண்டும்: 40-க்குப் பதில் 75 செ.மீ. அப்போது கிராங்க் பக்கத்துக்கு 47 பாகை சாயும், நெம்புகோல் மறுபடியும் நூற்றுக்கு 73 பங்கு. கூடவே தாளத்தைத் தாழ்த்த வேண்டும். அதே தூரத்தை மெதுவாகப் போய்வந்தால், ஒவ்வொரு முனையிலும் சக்கரத்தை நிறுத்தித் திருப்பத் தேவைப்படும் விசை குறையும். வேகமாக ஆட்டுகிறவர் தன் சக்கரத்தின் கனத்தோடு தானே சண்டையை வளர்க்கிறார். பழகும் நாட்களில் 114-ஐக் கழற்றிவிட்டு 150 பூட்டிக்கொள்வதில் மானக்கேடு எதுவும் இல்லை. பாரத்தைப் பெடலில் அல்ல, சீட்டில் வைக்க வேண்டும். ஒரு கை சீட்டின் முன்பிடியில் இருந்தால் மிதிக்கிற கால் உடம்பைத் தூக்கிவிடாமல் சக்கரத்தைத் தள்ளும். முதலில் சுவரையோ கம்பத்தையோ பிடித்துக்கொண்டு, எந்தக் கால் கீழே இருந்தால் வசதியோ அந்தக் காலில். இவற்றில் எதுவும் பிறவி வரம் கேட்பதில்லை. பேலன்ஸ் என்பது சிலருக்குத் தொப்புள்கொடியோடு வருவதாக நம்புகிறவர்கள், புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்ததை நினைத்துப் பார்க்கலாம். அதற்கு முதல் வருஷம்வரை அவர்களுக்கும் அது வராது என்றுதான் ஊர் சொல்லிக்கொண்டிருந்தது.

கோணக் கணக்கை ஏற்றுக்கொண்டால், முதலில் சின்னச் சக்கரத்தில் கற்றுவிட்டு வா என்ற அறிவுரையும் ஆட்டம் காண்கிறது. குறுகலான, படபடவென்ற ஆட்டம் 20 அங்குலத்தில் வெற்றி தருகிறது. காலில் ஏறிவிட்ட அந்தத் தாளம்தான் பெரிய சக்கரத்தில் தோல்வி தருகிறது. கற்றது உதவாது என்று சொல்லவில்லை. கீழ்க்கால் மேல்கால் பங்கீடும் சாய்வைத் திருத்தும் இடுப்புத் திருகலும் நிச்சயம் உதவும். ஆனால் அது கட்டாயப் படிக்கட்டு என்பது எங்கிருந்து வந்தது? ஜப்பான் 1989-ல் திருத்திய தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தில் உடற்பயிற்சிக்கு ஒற்றைச் சக்கரத்தையும் சேர்த்தது. அங்கே குழந்தைகள் சின்னச் சக்கரத்தில்தான் கற்கிறார்கள். குழந்தையின் கால் நீளத்துக்கு அந்தச் சக்கரம். வளர்ந்தவர் அதில் தொடங்குவதற்கும் அது காரணமாகாது. நம்மிடமே இதற்கு எதிர்ச்சான்று உண்டு. ஒரு தலைமுறை முழுக்க, மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த பெரிய சைக்கிளில், பாருக்கு அடியில் காலைவிட்டுக் குரங்குப் பெடல் போட்டுத்தான் கற்றது. முழுச் சுற்று எட்டாதவர்கள் அரைப் பெடல் மிதித்தார்கள்: கீழே ஒரு தள்ளு, மேலே ஒரு இழுப்பு, மறுபடி கீழே ஒரு தள்ளு. பெரிய சக்கரத்துக்கு முன்னால் சின்னச் சக்கரம் என்று எந்த வாத்தியாரும் அவர்களை நிறுத்தவில்லை, சின்னது வாங்க வீட்டில் காசு இல்லாததால். உடம்பு தன் அளவுக்கு மீறிய கருவியோடு ஒரு வழியைக் கண்டுபிடித்தது. அந்த அரைப் பெடலுக்கும் ஐடிலிங்குக்கும் நடுவில் இருப்பது ஃப்ரீவீல் மட்டும்தான்.

மிஞ்சியிருப்பது தேவையில்லை என்ற வாதம். எதிர்த்தரப்பின் வலுவான வடிவத்தை நானே சொல்லிவிடுகிறேன்: 24 மணி நேரச் சாதனைக்கு ஐடிலிங் எதற்கு? நிற்க வேண்டுமென்றால் இறங்கி நில், ஏற வேண்டுமென்றால் ஏறு. சாதனைக்கென ஒழுங்கு செய்த பாதையில் இது சரி. ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் சரியா என்று பார்ப்போம். பஸ் திரும்புகிறது, பலாப்பழம் ஏற்றிய மினிவண்டி பின்னால் எடுக்கிறது, ஆடுகள் தமக்குத் தோன்றிய நேரத்தில் தெருவைக் கடக்கின்றன. இவை எதுவும் ஐந்து நிமிடத் தடங்கல் அல்ல, ஐந்து நொடித் தடங்கல். ஒவ்வொன்றுக்கும் இறங்கினால் ஒவ்வொன்றுக்கும் ஏற வேண்டும். பெரிய சக்கரத்தில் இறங்குவது ஒரு குதி, ஏறுவதுதான் பாடு. இடுப்பளவுக்கு மேலே நிற்கிற சீட்டில், ஓடி வந்தோ துள்ளியோ ஏறி, சக்கரம் உருளத் தொடங்கும் அந்த அரை நொடிக்குள் பாரத்தை நேராக்க வேண்டும். தவறினால் மறுபடி. இதில் இன்னொன்றும் இருக்கிறது: ஏறும் முயற்சி அரைகுறையாகி வண்டி பின்னால் உருளும்போது, ஐடிலிங் தெரிந்தவர் அதை முதல் பின்வீச்சாக எடுத்துக்கொண்டு முன்னே திருப்பிவிடுவார், தெரியாதவர் தரைக்கு வருவார். நிற்கத் தெரிவது ஏறுவதையும் எளிதாக்குகிறது என்பதை, இறங்கி ஏறிக்கொள்ளச் சொல்கிறவர்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மலைச்சாலை இதைவிடக் கறாரானது. வளைவில் எதிரே பஸ் வந்தால் சாலை முழுவதும் அதற்குத்தான். ஏற்றம் செங்குத்தாக இருக்கும் இடத்தில் ஐடிலிங் செய்யலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே பின்வீச்சைப் பிடித்து நிறுத்துவது பெரிய சக்கரத்தில் ஆகாத காரியம், இறங்கிவிடுவதே உத்தமம். ஆனால் எந்த மலைப்பாதையும் முழுக்கச் செங்குத்தல்ல. ஊர் வருகிற இடம், பாலம் வருகிற இடம், வனத்துறைச் சோதனைச்சாவடி வருகிற இடம் எல்லாம் கொஞ்சம் சமன். அங்கே நிற்கத் தெரிந்தவர் பஸ்ஸைப் போகவிட்டுப் போகலாம். நிற்பதைவிடப் பெரிய பயன் இறக்கத்தில். ஃப்ரீவீல் இல்லாத வண்டி இறக்கத்தில் சக்கரத்தோடு சேர்த்துக் காலையும் சுழற்றும். பிரேக் இருந்தாலும் கால் எதிர்த்து அழுத்திக்கொண்டே வர வேண்டும். மேலெழும் பெடலைப் பாதத்தால் அமுக்கிச் சக்கரத்தை மட்டுப்படுத்துகிற அந்தச் செயலும், ஐடிலிங்கில் முன்வீச்சு முடியும் இடத்தில் செய்கிற செயலும் தசைக்கு ஒன்றுதான். அதைச் சமதரையில் ஆயிரம் முறை செய்தவரின் கால் போளூர்ப் பக்கம் இறங்கும்போது பதறாது. வேகம் மட்டும் கற்றவர் அந்தப் பாடத்தைச் சரிவில்தான் முதன்முதலாகப் படிக்கப் போகிறார். அங்கே விழுந்தால் ஓடி நின்று சமாளிக்க முடியாத வேகத்தில் விழுவார். நின்ற இடத்தில் விழுபவருக்குப் பெரும்பாலும் கால் தரையில் படும், அவ்வளவுதான். ஆபத்தான பாடம் எது, பாதுகாப்பான பாடம் எது என்பதையே தலைகீழாக வைத்திருக்கிறோம்.

கடைசியாக ஒரு முணுமுணுப்பு: 36 அங்குலச் சக்கரத்துக்கு எங்கே போவது, இது காசுள்ளவர் பேச்சு. நியாயமான கேள்வி, ஆனால் பதில் ஒவ்வொரு ஊர் சைக்கிள் கடையிலும் தொங்குகிறது. நம் பழைய பெரிய சைக்கிளின் சக்கரம் 28 அங்குலம். ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் போகும். அதற்கு வருகிற காட்டர் பின் கிராங்க் ஏறத்தாழ 165 மி.மீ. சக்கரத்தின் ஆரத்தை இதனால் வகுத்துப் பாருங்கள்: 2.15. சின்னச் சக்கரத்தின் பிடிமானம் ஏறக்குறைய அப்படியே, தூரம் பெரிய சக்கரத்துக்குப் பக்கம். ஐடிலிங் பழகுவதற்கென்றே யாரோ கணக்குப் போட்டுச் செய்தது போன்ற பொருத்தம் இது, யாரும் போடவில்லை என்றாலும். ஹப்பும் அச்சும் தனித்தனியாகச் சுழலாதபடி ஒன்றாக்கி, நல்ல பேரிங் வைத்து, ஃபோர்க்கைக் கவிழ்த்து அதன் மேல் சீட்டை ஏற்ற வேண்டும். பெண்டு எடுத்த ரிம், இறுக்கமான ஸ்போக்ஸ் கம்பி. வெல்டிங் தெரிந்த பட்டறைக்கு இது புரியாத வேலை அல்ல. ஹப்பும் அச்சும் சேரும் இணைப்பில் மட்டும் அரைகுறை வேலை கூடாது, முழுப் பாரமும் ஒவ்வொரு முனையிலும் திசை மாறி அங்கேதான் விழும். அப்படியொரு வண்டியைப் பொங்கலன்று ஸ்லோ சைக்கிள் ரேஸில் இறக்கினால் சங்கடம் நடுவருக்குத்தான். கடைசியாக வருகிறவருக்குத்தான் குடம் என்பது விதி. இவர் கோட்டுக்கு முன்னால் முக்கால் மீட்டர் போவார், முக்கால் மீட்டர் வருவார், வந்து சேரவே மாட்டார்.